மூன்றாவது பிளக் நனைந்திருந்தது

அஹர்,
இஸ்ஃபந்த் மாதம் 18.

என் அன்புக்குரிய பாயிராம் அவர்களுக்கு,

மாரால் எழுதுகிறேன். பிள்ளைகள் இருவரும் நலம். நீங்களும் நலம் என்று எண்ணிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். வேறு மாதிரி எண்ண எனக்குத் துணிவில்லை.

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்ததும் பதறியிருப்பீர்கள். தப்ரீஸ் வீட்டைப் பூட்டிவிட்டு உங்கள் அண்ணன் ரஹ்மத் வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்றோடு ஐந்து நாள். உங்களைக் கேட்காமல் எடுத்த முடிவு. கேட்டு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் உங்கள் ராணுவப் பட்டறையிலிருந்து பதில் வரவில்லை.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். காலைக் குளிரில் கிளப்பினால் நின்ற இடத்திலேயே உதறுகிறது, இருமுகிறது, அணைந்துவிடுகிறது, சூடான பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு நீங்கள் அனுப்பிய மூன்று பக்கப் பதிலைத்தான் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார், இரண்டைச் சேர்த்துத் தொட்டால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்தேன்.

ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி சோக்கைப் பார்த்தேன். தகடு ஒழுங்காக மூடித் திறந்தது. குழாய்களில் வெடிப்பு இல்லை. பிறகு, வண்டி உதறிக்கொண்டிருக்கும்போதே, பாத்திரம் கழுவும் ரப்பர் உறையைப் போட்டுக்கொண்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்று, இரண்டு, நான்கு: பிடுங்கினால் இன்னும் மோசமாக உதறியது. மூன்றாவதைப் பிடுங்கினால் எந்த மாற்றமும் இல்லை. அது ஏற்கெனவே செத்துத்தான் கிடந்தது. அதன் பிளக்கை எடுத்து ஒன்றாவதில் மாட்டி, ஒன்றாவதை இங்கே மாட்டினேன். மறுநாள் காலையிலும் மூன்றாவதுதான் வேலை செய்யவில்லை. ஆக, பிளக் மீது குற்றமில்லை.

அடுத்த நாள், கிளப்புவதற்கு முன்பே மூன்றாவது பிளக்கைக் கழற்றினேன். நனைந்திருந்தது. நனைந்திருந்தால் முகர்ந்து பார் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தீர்கள். பெட்ரோல் வாசனை இல்லை. லேசான இனிப்பு வாசனை. ரேடியேட்டர் உறையாமலிருக்க ஊற்றுவோமே, அந்தப் பச்சைத் தண்ணீரின் வாசனை. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். முந்தாநாள் நிரப்பியதில் ஒரு டம்ளர் அளவு குறைந்திருந்தது. சில நாளாகப் புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்ததற்கும் காரணம் புரிந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷமே வரவில்லை. பிளக்கைப் பிடித்தபடி கதவுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

தெருமுனைப் பட்டறை உஸ்தா மஹ்ரமிடம் போனேன். தலையைக்கூட நிமிர்த்தாமல், “கார்புரேட்டர்தாம்மா, வேறென்ன? பொம்பளைங்க சோக்கை இழுத்துட்டுத் தள்ள மறந்துடுவீங்க” என்றார். பிளக்கை அவர் மூக்கருகே நீட்டினேன். முகர்ந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. “ஹெட் கேஸ்கட் போயிருக்கு, தண்ணி இன்ஜினுக்குள்ள எறங்குது. யாரு கண்டுபிடிச்சது, நீயா? பாயிராம் பொண்டாட்டின்னா சும்மாவா!” என்றார். எப்போது சரிசெய்து தருவீர்கள் என்று கேட்டேன். “ஹெட்டை எறக்கினா நாலு நாள் ஆகும், தங்கச்சி. நாலு நாள் இந்தத் தெரு இருக்கும்னு நீ எழுதிக் கொடு, நான் எறக்குறேன்.”

இன்னொன்றும் சொன்னார். வண்டி நிற்கும்போது தண்ணீர் கசிந்து உள்ளே தேங்கும். அப்படியே கிளப்பினால் ஒருநாள் உள்ளே பிஸ்டன் கம்பி வளைந்துவிடும், அதோடு கதை முடிந்தது. தினமும் அந்தப் பிளக்கைக் கழற்றி, ஒருமுறை சுற்றவிட்டுத் தண்ணீரைத் துப்பவைத்து, பிறகு மாட்டிக் கிளப்பு என்றார். வேறு வழி தெரியாததால் அதைத்தான் செய்துவந்தேன்.

பதின்மூன்றாம் தேதி விடிகாலையில் பின் தெருவில் ஏவுகணை விழுந்தது. எங்கள் ஜன்னல் கண்ணாடி முழுவதும் படுக்கைமேல் கொட்டியது. பிள்ளைகள் மேல் கனத்த கம்பளி இருந்ததால் ஒரு கீறலும் இல்லை. பக்கத்து வீட்டு கௌஹர் அக்கா வெறுங்காலோடு ஓடிவந்தார். ஆய்தாவையும் யாஷாரையும் அள்ளிக்கொண்டு பின்சீட்டில் ஏறிவிட்டார். அப்போது இரண்டாவது முறையாக அபாயச் சங்கு ஊத ஆரம்பித்தது.

நான் வண்டியில் ஏறவில்லை. முன்மூடியைத் திறந்தேன்.

“அடியே, பைத்தியமா உனக்கு? கிளப்புடீ!” என்று கௌஹர் அக்கா கத்தினார். ஆய்தா அழவே இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. விரல் மரத்துப்போய் ஸ்பானர் இரண்டு முறை நழுவியது. பிளக்கைக் கழற்றினேன். சாவியைத் திருப்பினேன். ஓட்டை வழியே பச்சைத் தண்ணீர் பீய்ச்சியது. ஒரு வாய் இருக்கும். அன்று அவசரப்பட்டிருந்தால் வண்டி அங்கேயே முடிந்திருக்கும். முக்காட்டு நுனியால் துடைத்துத் திரும்ப மாட்டும்போது மரை சரியாக உட்காரவில்லை. அந்த நேரத்தில் ஒரு பொய்ச் சுற்றுச் சுற்றி மரையைக் கெடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரியுமாதலால், கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கமாக மெல்லத் திருப்பி, ‘டிக்’ என்று உட்காரும்வரை காத்திருந்தேன். அந்த நொடியில் சங்கொலிகூடக் காதில் விழவில்லை.

கிளம்பியது. உதறியது, அணைந்தது. மறுபடியும் கிளம்பியது. “இது குளிர்ல நடுங்குதா, நம்மள மாதிரி பயந்து நடுங்குதா?” என்று அக்கா கேட்டார். பிள்ளைகளுக்காகக் கேட்டார் போலும், குரலும் நடுங்கியது. ஒரு நிமிடம் கழித்து நான்கும் பிடித்துக்கொண்டன.

ரேடியேட்டர் மூடியை முதல் பல் வரை மட்டும் தளர்த்தி வைத்து ஓட்டினேன். உள்ளே அழுத்தம் குறைந்தால் கசிவும் குறையும் என்று உஸ்தா சொல்லியிருந்தார். கணவாய் ஏறும்போது வழியெல்லாம் வண்டிகள், டிராக்டர்கள், கட்டிலைச் சுமந்துகொண்டு நடப்பவர்கள். சூடு காட்டும் முள் சிவப்பை நெருங்கும்போதெல்லாம் ஓரம் கட்டினேன். ஆறவிட்டு, கௌஹர் அக்கா டீக் கெட்டிலில் உருக்கித் தந்த பனியை ஊற்றினேன். மூன்று மணி நேரப் பாதைக்கு ஒன்பது மணி நேரம். நின்ற இடத்தில் மறுபடி கிளம்புமா என்ற பயம் ஒவ்வொரு முறையும் புதிதாக வந்தது. பழகவே இல்லை.

உஸ்தா மஹ்ரமின் பட்டறை இருந்த வரிசை இப்போது இல்லையாம். அவரைப் பற்றி யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணி தன் அறையையே கொடுத்துவிட்டார். யாஷார் கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் மேசைக்கு அடியில் போகிறான். ரஹ்மத் அண்ணன் நல்லவர், ஆனால் நான் வந்தால் வானொலியை அணைத்துவிடுகிறார். நேற்று தெற்குப் போர்முனையிலிருந்து திரும்பிய ஒரு ஓட்டுநரோடு வாசலில் வெகுநேரம் பேசினார். என்ன சொன்னார் என்று கேட்டேன். “ஒண்ணுமில்லம்மா. பாயிராம் இருக்குற பட்டறையை எங்கயோ மாத்திட்டாங்களாம். அதான் தபால் லேட்டாகுது” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மேலே கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் அல்ல.

இங்குள்ள மெக்கானிக் வந்து பார்த்தார். கேஸ்கட் கிடைக்கும், நாளைக்கே ஹெட்டை இறக்கிவிடலாம் என்கிறார். அண்ணனும் சரி என்கிறார். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹெட் போல்ட்டுகளை ஒரு வரிசைப்படிதான் தளர்த்த வேண்டும், ஒரு வரிசைப்படிதான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோணிப்போகும் என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். பத்து போல்ட். எது முதலில், எது கடைசியில்? நடுவிலிருந்து வெளியே என்கிறார் இவர். எனக்கு உங்கள் கையால் எழுதி வர வேண்டும். ஒன்று முதல் பத்து வரை எண் மட்டும் போதும், வேறு ஒரு வார்த்தையும் எழுத நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை. அது வரும்வரை அந்த வண்டியை யாரும் திறக்க விடமாட்டேன்.

அல்லா உங்கள் தலைக்கு மேல் நிழலாக இருக்கட்டும்.

உங்கள்
மாரால்