லோடு போகட்டும் என்று சொன்னேன், மதினி

அண்ணனுக்கு மனைவியாக வந்து எனக்குத் தோழியாகிப்போன பேச்சி மதினிக்கு,

உங்களுக்கு எழுத வேண்டும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நினைக்கிறேன். உட்கார்ந்தால்தானே எழுத? இந்த இரண்டு வரியை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை மாடியில் காயும் துணியைத் திருப்பிப்போட. இன்னொரு தடவை எதற்கென்றே தெரியவில்லை, சமையல்கட்டு வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதிலிருந்து எனக்கு இப்படித்தான். கை சும்மா இருந்தால் நெஞ்சு பதறுகிறது.

இதை நம் பைண்டிங் செக்சன் பெண்களும் படிப்பார்கள் மதினி. சாப்பாட்டு ரூம் சுவரில் ஒட்டப்போகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணன் இன்னும் நாரணாபுரம் பட்டாசு ஆலைக்குத்தான் போகிறார். முதுகு வலி கூடியிருக்கிறது, சொல்லமாட்டார். உங்கள் மகள் கவிதா விருதுநகர் கல்லூரியில் இரண்டாம் வருஷம். நான் உங்கள் வீட்டோடு வந்துவிட்டேன். காலண்டர் கம்பெனியில் நம் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தித் தாள் அடுக்கவிட்டார்களே, அதே செக்சனுக்கு நான் இப்போது இன்சார்ஜ். சிரிக்காதீர்கள். மாரியா, வீட்டுச் சாவியை மாதத்துக்கு ஒருமுறை தொலைக்கிற மாரியா என்றுதானே கேட்கிறீர்கள்?

அந்த மாரிதான். அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்து வாசலில் நிற்பேன். மற்றவர்களின் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துவந்து திறந்து பார்த்து முழிப்பேன். நீங்கள்தான் என்னுடைய சாவிக்கு மாற்றுச்சாவி செய்து உங்கள் பையில் வைத்திருந்தீர்கள். "ஏ மாரி, ஒன் பின்னாலயே வர ஒரு ஆளு வேணும்டி" என்று திட்டிக்கொண்டே கொடுப்பீர்கள்.

நீங்கள் ஒரு நோட்டிலும் எதையும் எழுதியதில்லை. எந்தக் கடைக்கு எந்தச் சாமிப்படம், எந்த ஆர்டருக்குக் காலண்டர் மேல்விளிம்பில் எந்த அளவுத் தகரம் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருந்தது. வீட்டில் எப்போது கேஸ் தீரும், எப்போது நல்ல தண்ணீர் வரும் என்பதும் அதற்குள்தான். ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் என் தலைக்குள் வைத்தீர்கள். அதை நான் தொலைத்தேன்.

அந்தப் புரட்டாசி மாதத்துச் சாப்பாட்டு நேரம். சீசன் உச்சத்தில் இருந்தது. கை கழுவும் இடத்தில் என்னைத் தனியாக இழுத்து, "மாரி, மார்ல இங்கன ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது. வலியெல்லாம் இல்ல. ஒரு எட்டு ஆஸ்பத்திரி போய் காட்டிட்டு வருவமா?" என்று கேட்டீர்கள்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் கையில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. அதை உரித்துக்கொண்டே சொன்னேன்: "இப்ப எங்கிட்டு மதினி போறது? லோடு போகட்டும். தீவாளி முடியட்டும், ரெண்டு பேருமா போவோம்."

"சரிடி" என்றீர்கள்.

தீபாவளி முடிந்தது. கார்த்திகையும் மார்கழியும் கடைசி ஆர்டர்களில் போயின. பொங்கலுக்குக் கரும்பு வாங்கினோம். நான் மறந்தே போனேன் மதினி. சுத்தமாக மறந்தேன். மாசியில் நீங்கள் தாள் கட்டைத் தூக்கமுடியாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அந்தச் சாப்பாட்டு நேரம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கே விருதுநகர், மறுநாள் மதுரை என்று ஓடினோம். முற்றிப்போய்விட்டது என்றார்கள். அடுத்த சீசன் முடிவதற்குள் நீங்கள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் செய்த முதல் வேலை, முக்கு கடைக்குப் போய் ஒரு நீள நோட்டு வாங்கியது.

அதற்குப் பிறகு எதையும் மறந்ததில்லை. காலை நாலரைக்கு எழுந்து அன்றைக்குச் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுவேன். செய்து முடித்ததைக் கோடு போட்டு அடிப்பேன். போனில் பதினோரு அலாரம். உங்கள் சமையல்கட்டு அலமாரியில் ஒவ்வொரு டப்பாவுக்கும் பெயர் ஒட்டினேன். தண்ணீர் வரும் நாள், அண்ணனின் மாத்திரை, கவிதாவின் பரீட்சை எல்லாவற்றையும் பெரிய அட்டையில் எழுதி ஹாலில் மாட்டினேன். யார் எத்தனை மணிக்குக் குளிக்க வேண்டும் என்றுகூட அதில் இருந்தது.

கவிதா ஒரு நாள் அட்டை முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அத்தே, அம்மா இருந்தப்ப தண்ணி வர்ற நாளு எங்களுக்குத் தெரியாது. ஆனா வீட்டுல தண்ணி இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. "ஒங்கம்மா மாதிரி எனக்குத் தல இல்ல தாயி. எழுதித்தான் ஆகணும்" என்று கத்திவிட்டேன். அண்ணன் வெளியிலிருந்து, "ஏத்தா மாரி, செத்த ஒக்காரு. ஒன்னயப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது" என்றார். நான் உட்காரவில்லை. அட்டையில் இன்னொரு வரி சேர்த்தேன்.

கம்பெனியிலும் அப்படித்தான். முன்பெல்லாம் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் காலண்டர் கட்டு இன்னொரு கடைக்குப் போய்விடும், நினைவிருக்கிறதா? நான் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நிறத்தில் சீட்டு போட்டேன். தாள் வரும்போதே சீட்டு கூட வரும், தகரம் அடித்துக் கட்டாகும்வரை அது கூடவே போகும். யார் எந்த மேசை, எத்தனை மணிக்குள் எவ்வளவு என்று காலையிலேயே சொல்லிவிடுவேன். ராத்திரி எட்டு மணி வரை இழுத்த வேலை ஆறுக்கே முடிந்தது. பெண்கள் வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதை நான் செய்தேன் மதினி, அதை மட்டும் பெருமையாகவே சொல்வேன்.

மேனேஜர் எல்லார் முன்னாலும், "மாரியம்மாளப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். அன்றைக்கு உங்கள் மேசை காலியாக இருந்த பக்கம் என் கண் போனது. பெருமை அங்கேயே நின்றுபோயிற்று.

இப்போது புஷ்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்ததில்லை, நீங்கள் போன பிறகு சேர்ந்தவள். எம். புதுப்பட்டி கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வருவாள். கை வேகம் அதிகம், பேச்சு குறைவு. இந்த சீசனில், வெள்ளிக்கிழமை ஒரு பெரிய லோடு கிளம்ப வேண்டிய வாரம், செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு வந்து நின்றாள். நான் நோட்டில் மறுநாள் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நாளைக்கு ஒரு நேரம் மட்டும் வரல. ஆஸ்பத்திரி வரைக்கும் போகணும்."

"ஒடம்புக்கு என்ன?" நான் தலையைத் தூக்கவில்லை.

"ஒண்ணுமில்லக்கா. மார்ல சும்மா ஒரு கட்டி. வலிக்கல."

"லோடு போகட்டும் புஷ்பம். திங்கக்கெழம போய்ட்டு வா."

"சரிக்கா."

அவள் போய்விட்டாள். நான் அதோடு விடவில்லை. 'புஷ்பம், ஆஸ்பத்திரி, திங்கள்' என்று நோட்டில் அழகாக எழுதினேன். மறக்கமாட்டேன் அல்லவா? முன்பு போல மறந்துபோகிற மாரி இல்லையே நான்! எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அதற்கடுத்த வரிக்கும் போனேன். மூன்றாவது வரியில் என் கை நின்றுவிட்டது.

எனக்குக் காது அடைத்தது மதினி. மெஷின் சத்தமே கேட்கவில்லை. இரண்டு வருஷம் நோட்டு நோட்டாக எழுதி, அலாரம் வைத்து, அட்டை மாட்டி, நான் எங்கே வந்து சேர்ந்திருக்கிறேன்? அதே கம்பெனி, அதே சீசன், உங்களுக்குச் சொன்ன அதே வார்த்தை. நான் மறந்ததுதான் தப்பு என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். மறந்தது பிறகு நடந்தது. கை கழுவும் இடத்தில் நீங்கள் சொன்னபோது உங்கள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கையிலிருந்த பசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு அங்கேயே நடந்துவிட்டது.

எழுந்து போய்ப் புஷ்பத்தின் கையிலிருந்த தாளை வாங்கிக் கீழே வைத்தேன். "கெளம்பு. இப்பவே போறோம்."

அவள் பயந்துவிட்டாள். "ஐயையோ, லோடு இருக்குல்லக்கா? திங்கக்கெழம போய்க்கிடுதேன்."

"லோடு கெடக்கட்டும். நீ நட."

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "என்னம்மா வெளையாடுறியா? நீ போய்ட்டா இங்க யாரு பாப்பா?"

நோட்டை அவர் மேசையில் வைத்தேன். "எல்லாம் இதுல இருக்கு சார். எந்த மேசையில எந்த ஆர்டர், எது முன்ன போகணும், எது பின்ன போகணும், எல்லாம் எழுதியிருக்கேன். வாசிச்சுச் சொன்னாப் போதும், பிள்ளைக செஞ்சிரும்."

"வேல இருக்காதும்மா ஒனக்கு."

"வந்து பேசிக்கிருவோம் சார்."

இவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படியில் இறங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் அன்று முழுக்க வரிசை. சீட்டு போட ஒன்று, டாக்டரைப் பார்க்க ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று. எனக்கோ நிற்க முடியவில்லை. வரிசையில் இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். புஷ்பம்தான், "அக்கா, ஒக்காருங்கக்கா. நாந்தானே நோயாளி" என்று சிரித்தாள். ஊசி வைத்துச் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கெட்ட கட்டிதான் மதினி. ஆனால் சின்னது. "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க" என்றார் அந்த டாக்டரம்மா. போன மாதம் ஆபரேஷன் முடிந்தது. இன்னும் மருந்து ஏற்ற வேண்டும். முடி கொட்டும் என்று பயப்படுகிறாள். பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள்.

அதைக் கேட்டதும் நான் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? பட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று உங்கள்மேல் கோபப்பட்டேன். ஏன் மதினி இன்னொரு தடவை என்னைக் கேட்கவில்லை? என் சாவியை ஞாபகம் வைத்திருந்தீர்கள். எனக்கு எந்தக் குழம்பு பிடிக்காது என்பதுவரை வைத்திருந்தீர்கள். உங்கள் உடம்பை மட்டும் ஏன் ஞாபகம் வைக்கவில்லை? இல்லை, ஞாபகம் இருந்தும் என்னைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று விட்டீர்களா? இதற்குப் பதில் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. இருந்தாலும் கேட்கத் தோன்றுகிறது.

கம்பெனிக் கதையையும் கேளுங்கள். வெள்ளிக்கிழமை லோடு சொன்ன நேரத்துக்குப் போய்விட்டது. ஒரே ஒரு கட்டு மாறி, சாத்தூருக்குப் போக வேண்டியது ராஜபாளையம் போனது. அவ்வளவுதான். நான் இல்லாமல் ஓடியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. மேனேஜர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவராகவே வந்து, "எங்க வீட்டுல ஒரு மாசமா வயித்து வலிங்கறா. எந்த டாக்டரம்மாட்ட காட்டுனீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் நோட்டை விடவில்லை மதினி. அது இல்லாவிட்டால் அன்றைக்குக் கிளம்பியிருக்கவே முடியாது. ஆனால் உடம்பைப் பற்றி யாராவது சொன்னால் அதை மட்டும் எழுதுவதில்லை. எழுதிவிட்டால் செய்து முடித்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறது, அது பொல்லாத நிம்மதி. யார் வந்து சொன்னாலும் அன்றைக்கே கிளம்பவேண்டும், மேசையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று பெண்கள் எல்லாரும் கூடிப் பேசிவைத்திருக்கிறோம். இந்த மாதம் இரண்டு பேர் போய் வந்தார்கள். ஒருத்தி முடிவுக்குக் காத்திருக்கிறாள். இன்னொருத்திக்கு ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டே திரும்பி வந்து கையைக் கழுவிவிட்டு மேசைக்குப் போனாள்.

ஒன்றை மட்டும் உங்களிடம் மறைக்க முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் புஷ்பம் கேட்டாள். "அக்கா, நீங்க எப்பக் காட்டுனீக?"

பஸ் ஆமத்தூரைத் தாண்டியிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "போன வருசம்" என்றேன். பொய். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது, ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. காலையில் ஐந்து நிமிஷம் எனக்கென்று உட்கார்ந்தால் என் உடம்பு சொல்லி எதைக் கேட்க நேருமோ என்ற பயத்தில்தான் இப்படி ஓடிக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

நேற்று இதைக் கவிதாவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய்த் தன் கல்லூரிப் பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். "புதன்கெழம நான் லீவு. ஒங்களோட வாரேன்" என்றாள். நான் நோட்டை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள். "எழுதாதீக அத்தே. எங்கிட்டச் சொல்லிட்டீகல்ல, போதும்." குரல் அப்படியே உங்கள் குரல்.

புதன்கிழமை போவேன் மதினி. பயமாகத்தான் இருக்கிறது. என்ன முடிவாக இருந்தாலும், அது கைக்கு வருகிற அன்றைக்கே கவரைப் பிரிப்பேன், கவிதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இனி யார் என் மேசை முன்னால் வந்து நின்றாலும், முதலில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். உங்கள்மேல் சத்தியம்.

என்றும் உங்கள் நாத்தனார்,
மாரி