வெட்டுப்படாமல் நின்ற துண்டு

என் செல்லம் ஹனா மகளுக்கு,

உன் உம்மா நான் பயந்துபோய் இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இங்கே யாரிடமாவது சொன்னால், "அல்லாஹ் இரிக்கான், பயப்படாத புள்ள" என்பார்கள். அவன் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் பயமாக இருக்கிறதே, அதற்கு என்ன செய்ய?

வயிற்றில் உனக்குத் தம்பியோ தங்கச்சியோ இருக்கிறது. ஐந்தாம் மாதம். கொழும்பில் ஊசி போட்டு வயிற்று நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். உன்னைக் கொண்டுபோன பிறவி வருத்தம் இந்தப் பிள்ளைக்கும் இருக்கிறதா இல்லையா என்று இந்தக் கிழமைக்குள் டொக்டர் போனில் சொல்வார்.

போன் அடித்தால் டொக்டர்தான் என்று நினைத்துவிடுகிறேன். நேற்று உன் வாப்பா சந்தையில் நின்று மீன் என்ன வாங்க என்று கேட்க எடுத்தார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசிவிட்டேன். மனுசன் பாவம், முழுதையும் கேட்டுவிட்டு, "அப்ப சூரை வாங்கவா?" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு அழுகையும் வந்தது.

உனக்கு என்ன நடந்தது என்று நீ இருந்த காலத்தில் எங்களுக்கே தெரியாது. உன் தலை ஏன் வளரவில்லை? கையும் காலும் ஏன் அவ்வளவு குட்டை? முதல் வயது முடியுமுன்பே, ஒரு சாதாரணக் காய்ச்சலில் ஏன் போனாய்? உன் இரத்தத்தை அனுப்பிய இடத்திலிருந்து பதில் வந்தபோது நீ மையவாடி மண்ணுக்குள் இருந்தாய். கொழும்பு டொக்டர் கடதாசியில் கோடு கீறி விளங்கப்படுத்தினார். அதை உனக்கு நான் சொல்கிறேன்.

ஒவ்வொரு கலத்துக்குள்ளும் டீஎன்ஏயில் உடம்பைக் கட்டும் குறிப்பு இருக்கிறதாம். வேலை நடக்க, அதிலிருந்து ஆர்என்ஏ என்ற பிரதி எடுபடும். பிரதியின் நடுநடுவே வேண்டாத துண்டுகள் கிடக்கும். அவற்றை இன்ட்ரோன் என்பார்கள். அவற்றை வெட்டி எறிந்து மிச்சத்தை ஒட்டினால்தான் பிரதி உதவும். ஏறத்தாழ எல்லா இன்ட்ரோனையும் வெட்டுவது ஒரு பெரிய பொறி. ஆனால் சில நூறு இன்ட்ரோன்கள் வேறு சாதி. அவற்றின் ஓரத்து அடையாளம் பெரிய பொறிக்குப் பிடிபடாது. அவற்றுக்கென்றே கலத்துக்குள் இன்னொரு சின்னப் பொறி இருக்கிறது. உனக்கு அந்தச் சின்னப் பொறியின் ஓர் உறுப்பில் பிழை. ஒரே எழுத்துப் பிழை. அதனால் அந்த வேறு சாதித் துண்டுகள் வெட்டுப்படாமலே நின்றுவிட்டன.

சுளகில் புடைத்தால் உமி போய்விடும். அரிசி நிறத்துக் கல்லைக் கையால்தான் பொறுக்க வேண்டும். உனக்கு அந்தப் பொறுக்கும் கைதான் சரியாக வாய்க்கவில்லை, மகள்.

"மூளையையும் எலும்பையும் மட்டும் ஏன் டொக்டர் இவ்வளவு தாக்குது?" என்று கேட்டேன்.

"முழுசா எங்களுக்கும் தெரியாது" என்றார். நேர்மையாகத்தான் சொன்னார்.

நீ பிறந்த கிழமை வேறொரு டொக்டர் எங்களைக் கேட்டிருந்தார், "தாயும் தகப்பனும் ரத்த உறவா?" என்று. என் மாமி, உன் வாப்பாவின் உம்மா, முந்திக்கொண்டார். "இல்ல டொக்டர். நாங்க வேற குடி, அவ வேற குடி." டொக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

மாமி பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் குடி தாய்வழியில் வரும். ஒரே குடி என்றால் கூடப்பிறந்த மாதிரி. கல்யாணம் கதைக்கவே மாட்டார்கள். குடி வேறென்றால் இரத்தமும் வேறு. எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

கொழும்பு டொக்டர் வேறு மாதிரிக் கேட்டார். "உங்கட வாப்பாவும் உங்கட புருஷன்ட உம்மாவும் என்ன முறை?"

"நானாவும் தங்கச்சியும்" என்றேன். "ஒரு தாய் வயிறு."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

அந்த அண்ணன் தங்கை இருவரையும் பெற்றவர்களில் யாரிடமோ இருந்த பிழை, இரண்டு கிளையாக இறங்கி எனக்கும் உன் வாப்பாவுக்கும் ஒவ்வொன்றாக வந்திருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது. உனக்கு இரண்டும் வந்தன. குடி தாயை மட்டும்தான் எண்ணும். இந்தப் பிழைக்குத் தாயும் ஒன்று, தகப்பனும் ஒன்று.

ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அப்படி வரலாமாம். "மூணு பங்கு நல்லதுதானே" என்கிறார் உன் வாப்பா. என் கண்ணுக்கு அந்த ஒரு பங்குதான் தெரிகிறது. பாண்டிருப்பிலிருந்து வரும் மிட்வைஃப் மிஸ் வயிற்றில் டேப் வைத்தால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு தரம் அளந்தாரென்றால் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

உன்னிடம் சொல்ல வெட்கமான ஒன்றும் இருக்கிறது. விடியச் சுபஹ் தொழுதுவிட்டுக் கையேந்தினால் ஒரே துஆதான் வருகிறது: யா அல்லாஹ், இந்தப் பிள்ளை ஹனாவைப் போல இருக்கக் கூடாது. பெற்ற பிள்ளையைப் பற்றி எந்த உம்மா இப்படிக் கேட்பாள்? பால் குடிக்கும்போது என் சட்டையைப் பிடித்திருப்பாயே, அந்தப் பிடியையுமா வேண்டாம் என்கிறேன்? வெட்டுப்படாமல் நின்ற அந்தத் துண்டைத்தான் வேண்டாம் என்கிறேன், உன்னை அல்ல. அவன் அதைப் பிரித்துக் கேட்டுக்கொள்வானா?

உன்னைப் போலவே வந்தால்? வந்தால் உன்னைப் பார்த்தது போலப் பார்ப்பேன். ஆனால் இன்னொரு தரம் தாங்குவேனா என்று தெரியவில்லை.

இன்று காலை மாமி பக்கத்தில் வந்து இருந்தார். "பொம்புளப் புள்ளையெண்டா ஹனா எண்டே வைப்பம். இந்த ஊட்டுல அந்தப் பேரக் கூப்பிட்டு எவ்வளவு நாளாப் போச்சி" என்றார். பாவம், உன்னைத் தோளில் போட்டுக்கொண்டே திரிந்தவர். நான் எழுந்து வந்து கடதாசி எடுத்தேன். அவருக்குச் சொல்லும் பதிலை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

டொக்டர் என்ன சொன்னாலும் இது என் வாக்கு, மகள். உன் தலை வேண்டாம், உன் கைகால் வேண்டாம், உன் வருத்தம் வேண்டாம் என்று கேட்டுவிட்டு, உன் பேரை மட்டும் எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன். உனக்கென்று இங்கே மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
எத்தனை பிள்ளை வந்தாலும்
ஹனாட உம்மா