அஞ்சம்மாளின் பெட்டைக்கோழி

கவரைப்பேட்டை,
14-11-1968

கர்த்தருக்குள் அன்பான தங்கை ரூபவதிக்கு,

ஓய்வு பெற்ற பிறகும் விடாத சுண்ணக்கட்டியோடு இந்தச் சபைப் பள்ளியில் நலமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிறன்று அறுப்பின் பண்டிகை. காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். கூலி வேலை செய்யும் விதவை அஞ்சம்மாள், தன்னிடமிருந்த ஒரே பெட்டைக்கோழியைப் படைத்திருந்தாள். மனம் பொறுக்காமல் நானே அதை ஏலத்தில் எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"இன்னா சார், ஆண்டவருக்குக் குட்த்தத நான் திரும்ப வாங்கிக்கினு போவணுமா? நீங்க மட்டும்தான் குடுக்கணும், நான் குடுக்கக் கூடாதா?" என்றாள். சபையே சிரித்தது.

பிள்ளை தானாகப் போட்ட கணக்கை வாத்தியார் அழித்துவிட்டு எழுதினால் அதன் முகம் எப்படி வாடும்? அதே தப்பைத்தான் செய்திருக்கிறேன்.

கோழி என் அறையில்தான் இருக்கிறது. பேச்சுத்துணைக்கு ஆகிறது. தவிடு எவ்வளவு வைப்பது, அடைக்கு எத்தனை முட்டை என்று எழுது. முடிந்தால் நீயே வந்து சொல்லிக்கொடு.

குஞ்சு பொரித்தால் ஒன்று தரலாமா என்று அஞ்சம்மாளிடம் நேற்றுக் கேட்டேன்.

"அது உங்க குஞ்சு சார். நீங்க குடுத்தா சந்தோசமா வாங்கிக்குவேன்" என்றாள்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன்.

உன்
ச. தேவாசீர்வாதம்