படி விளக்கால் வந்த வினை

அன்பு மகள் மோகனப்ரியாவுக்கு நைனா எழுதுவது. திருத்தணியில் நானும் உன் அம்மாவும் முருகன் தயவில் சுகம், துபாய் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பவர்லூம் முதலாளி பரணிதரனின் புது ஆபீசுக்கு நீ அங்கிருந்தே படம் வரைந்து அனுப்பி விளக்கு அமைத்துக் கொடுத்தாயே, திறப்பு விழாவில் எல்லோரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். சுவரில் தறிக்குப் பாவு நீட்டிய மாதிரி நூல் நூலாக வெளிச்சம், மாடிப்படி ஒவ்வொன்றின் அடியிலும் மஞ்சள் வெளிச்சம். வருஷக் கடைசியில் நம் மலையில் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றுவோமே, அதை நினைத்துச் செய்தாய் என்று பரணிதரன் மைக்கில் வேறு சொன்னான். அங்கேதான் வினை. உன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, ஓடிப்போய் முதல் படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றிவிட்டாள். அவளைப் பார்த்து அடுத்த படிக்குக் கணக்கு எழுதும் நிர்மலா, அதற்கடுத்த படிக்கு வேறொருத்தி, மாடி வரைக்கும் பூஜை முடிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து ஒருவரும் அதில் செருப்போடு ஏறுவதில்லை. ஆபீஸ் வாசல் கல்யாண மண்டபம் மாதிரி செருப்பாகக் கிடக்கிறது. சென்னையிலிருந்து சரக்குப் பார்க்க வந்த பெரிய மனிதரை நிர்மலா மறித்து, சார் சாமிப் படிங்க, ஷூவக் கழட்டிட்டு ஏறுங்க என்றிருக்கிறாள். அவர் சாக்ஸில் கட்டைவிரல் தெரிகிற ஓட்டை. பரணிதரனுக்கு மானம் போய்விட்டது. திங்கட்கிழமைக்குள் இது சரியாகாவிட்டால் விளக்கையெல்லாம் பிடுங்கி டியூப்லைட் போடுவேன் என்று என்னிடமே சொன்னான். நீ தனியாகச் செய்த முதல் வேலையம்மா அது, எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை உன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நானே போய், இது வெறும் மாடிப்படி, நான் ஏறிக் காட்டுகிறேன் பாருங்கள் என்று எல்லோரையும் கூட்டி வைத்து மீசையை முறுக்கிக்கொண்டு ஏறினேன். மேலே போய்த் திரும்பினால் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். என் செருப்பு கீழே கிடக்கிறது. எப்போது கழற்றினேன் என்று சத்தியமாகத் தெரியாது. அப்போதுதான் உன் அம்மா எழுந்தாள். எம் பொண்ணு வெளக்கு போட்டது நடந்து போறதுக்குத்தான், எல்லாரும் செருப்ப மாட்டிகினு வாங்க என்று சொல்லிவிட்டு, செருப்புக் காலோடு விறுவிறுவென்று ஏறினாள். கன்னத்தில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. பின்னாலேயே நிர்மலா, அப்புறம் எல்லோரும். உன் விளக்கு பிழைத்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு மெதுவாகச் சொல்கிறாள், ஏறும்போதே வேண்டிக்கொண்டாளாம். இந்தப் பாவத்துக்கு டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மலைப் படி முழுக்கக் குனிந்து மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டுமாம். யார் வைப்பது என்றேன். நீயாம். ஏறியது அவள், வேண்டுதல் உன் பேரில். லீவு கிடைக்காதே என்றால், சாமிகிட்ட சொல்லியாச்சு, இனிமே மாத்த முடியாது என்கிறாள். நீ ஊர்ப்பக்கம் வந்து இரண்டு வருஷமாகிறது, இதற்காகவே துணிந்து ஏறினாளோ என்று எனக்குச் சந்தேகம். எதுவானாலும் வந்துவிடு, எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும்.

தொட்டதெல்லாம் துலங்கட்டும், நீண்ட ஆயுசோடு இரு. இனி எந்த ஆபீசுக்கும் வெளிச்சத்தைக் கூரையோடு நிறுத்திக்கொள். டிக்கெட்டை மறக்காதே, அம்மா மஞ்சளும் குங்குமமும் வாங்கி வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
உன் நைனா
நாகராஜன்