தட்டினால் விட வேண்டும்

12 மார்ச் 1936, வியாழன். பரமத்தி

கிணறு வெட்டும் வேலை இன்றோடு முடிந்தது. ஏழு வாரம் மண் சுமந்ததில் தோள் மறுபடியும் திரண்டிருக்கிறது. சோறு போடும்போது என் சம்சாரம் சாலம்மாள் என் தோளையே பார்த்தாள். "பழையபடி ஆயிட்டீங்க" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் வட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

சேலம் ஜெயிலிலிருந்து வந்து ஐம்பது நாள் ஆகிறது. ஆறு வருஷம் தீர்ப்பு. நன்னடத்தைக்குக் கழித்தது போக நாலரை. உள்ளே எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் நான்தான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். எத்தனையோ பேர் வீட்டுக்கு எழுதிய கை, நான் சொல்ல வேண்டியதை மட்டும் எழுதவில்லை. இந்த நோட்டிலாவது வருகிறதா, பார்ப்போம்.

15 மார்ச், ஞாயிறு

காண்ட்ராக்டர் சின்னுசாமி வந்தார். குஸ்திப் பந்தயம் நடத்துகிறவர். நான் கோதாவில் இருந்த எட்டு வருஷமும் என்னை ஊர் ஊராகக் கூட்டிப் போனவர் அவர்தான். கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மே மாசம் சேலத்துல பந்தயம் வெக்கறேன். ராசிபுரத்து அர்த்தநாரி. புதுசா வந்திருக்கற பையன், நல்லா நிக்கறான். அவனோட நீ எறங்கோணும் பயில்வானே."

"நான் ஒரு உசுர எடுத்தவனுங்க."

"எடுத்தே. அதுக்கு உள்ள இருந்துட்டும் வந்துட்டே. ஒரு தச்சன் ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தா உளியத் தொடக்கூடாதுன்னு யாராச்சும் சொல்றாங்களா?"

அவர் போன பிறகுதான் பதில் தோன்றியது. அந்தத் தச்சன் உளியாலேயே குத்தியிருந்தால்?

சாலம்மாளிடம் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு.

"போங்க. ரோட்டுக்குச் சல்லி ஒடச்சனே இத்தன வருசம், பக்கத்துல ஒக்காந்தவங்க எல்லார்த்துகிட்டயும் ஒண்ணுதான் சொன்னேன். எங்க ஊட்டுக்காரர் கெட்டவரில்லீங்க, கோவத்துல நடந்துபோச்சுன்னு. நீங்க மறுபடி நாலு பேர் முன்னால நின்னீங்கன்னாத்தான் நான் சொன்னது நெசமாவும்."

சரி என்றேன்.

16 மார்ச், திங்கள்

கோபத்தில் நடந்தது. கோபத்தில். எத்தனை தடவை எழுதினாலும் உண்மை ஆகவில்லை.

29 மார்ச், ஞாயிறு

சேலம் போய் வந்தேன். அங்கே குஸ்தி நடத்துவதற்கு ஒரு கமிட்டி இருக்கிறது. அவர்கள் ஒப்பினால்தான் நான் இறங்க முடியும். என்னை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே பேசினார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

கமிட்டியில் இருக்கும் வக்கீல் கூடவே கூடாது என்றார். "எத்தனையோ இளவட்டங்கள் பார்க்க வர்றாங்க. கொலை பண்ணினவனுக்கு மாலை போட்டா அவங்க என்ன கத்துக்குவாங்க?"

பஸ் முதலாளி ஒருவர் எனக்காகப் பேசினார். "தண்டனை முடிஞ்சவன இன்னொரு தடவ தண்டிக்க நாம யாருங்க? தெரிஞ்ச தொழிலச் செய்ய விடாம தொரத்துனா அவன் எங்க போவான்?"

இரண்டுமே சரியாகத்தான் பட்டது எனக்கு.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மறுபடியும் அப்படி நடக்காதுன்னு நாங்க எதை வெச்சு நம்பறது?"

"கோவத்துல நடந்துபோச்சுங்க. இப்ப கோவமே வாரதில்லீங்க."

அவர் முகம் இளகியது. கழுத்துப்பிடி மட்டும் போடக்கூடாது என்று ஒரு நிபந்தனை எழுதி, அதன் கீழே முதல் கையெழுத்தை அவரே போட்டார். எழுந்து என் கையையும் பிடித்துக் குலுக்கினார். நல்ல மனுஷர். அவரையும் ஏமாற்றிவிட்டேன்.

5 ஏப்ரல், ஞாயிறு

இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நாமக்கல் சந்தை. செவ்வாய்க்கிழமை. குழந்தைவேல் ஜட்கா ஓட்டுகிறவர். அவர் வண்டிச் சக்கரம் என் காலில் உரசியது. நான் திட்டினேன், அவரும் திட்டினார். தின்று கொழுத்த உடம்பு என்றார். இழுத்துக் கீழே தள்ளி ஓர் அறை விட்டேன். அதோடு என் கோபம் முடிந்தது. இதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. அதோடு முடிந்துவிட்டது.

அதற்குள் சனம் கூடிவிட்டது. "டேய், பரமத்திப் பயில்வான்டா!" என்று ஒரு குரல். சுற்றிலும் பார்த்தேன். கோதாவைச் சுற்றி நிற்பது போலவே நின்றார்கள். குழந்தைவேல் எழுந்து போகப் பார்த்தார். போயிருப்பார். நான்தான் பிடித்தேன். கழுத்தைக் கைக்குள் வாங்கினேன். என்ன மெலிசான கழுத்து, சாமி. யாரோ கை தட்டினார்கள். அப்படித்தான், அப்படித்தான்னு ஒருத்தன் கத்தறான். அவரு என் முழங்கையில தட்டினாரு. மூணு தடவ. உள்ளங்கையால. கோதாவுல தோத்தவன் தட்டுவானே, அதே மாதிரி. தட்டினா விடோணும். எனக்குத் தெரியாதா? பத்து வயசுல இருந்து தெரியும். இன்னும் கொஞ்சம் பாக்கட்டும்னு பிடிச்சிருந்தேன். எவ்வளவு நேரம்? ஒரு பாட்டுல ஒரு வரி பாடற நேரம் இருக்குமா?

விட்டபோது அவர் நிற்கவில்லை.

திடீர் ஆத்திரம் என்று என் வக்கீல் கோர்ட்டில் வாதாடினார். நான் தலை குனிந்து நின்றேன். வெட்கத்தில் குனிந்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

தட்டினால் விடுவார்கள் என்று ஒரு ஜட்காக்காரருக்கு எப்படித் தெரிந்தது? அது மட்டும் இன்றுவரை விளங்கவில்லை.

20 ஏப்ரல், திங்கள்

இங்கே பக்கத்து வேலூரில், சந்தைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. என் படம். மேலே சிவப்பு எழுத்தில்: "ஒரே பிடியில் உயிர் பறித்த கை! சிறை மீண்ட பரமத்தி தீர்த்தகிரி!"

காண்ட்ராக்டரைத் தேடிப்போய்க் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பின்ன எதுக்கு வருவாங்கன்னு நெனச்சே? அர்த்தநாரி மூஞ்சியப் பாக்கறதுக்கா? உன் பேரச் சொன்னதும் ஆத்தூர்ல இருந்தெல்லாம் ஆள் வருது."

நான் இறங்க மாட்டேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்? சாலம்மாளுக்காக என்று எழுத நினைத்தேன். பொய். சாண் உயர எழுத்தில் என் பெயரைப் பார்த்தபோது ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பெயருக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகும் நிமிர்ந்துதான் இருந்தது.

2 மே, சனி

உட்கார்ந்து எழுந்து ஐந்நூறு பஸ்கி. கை கால் எல்லாம் பழையபடி கேட்கிறது. பயமாக இருக்கிறது.

18 மே, திங்கள்

நேற்று சேலத்தில் பந்தயம். மாலை நாலு மணிக்கே கொட்டகை நிறைந்து, வெளியே மரத்தின் மேலெல்லாம் ஆட்கள்.

அர்த்தநாரிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். இறங்கும் முன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நல்ல பலம், ஆனால் அவசரக்காரன். கால் மணி நேரம் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தோம். அப்போது அவன் என் இடுப்புக்குப் பாய்ந்தான். தலை தாழ்ந்து வந்தது. என் கை தானாகப் போய்க் கழுத்தைச் சுற்றிவிட்டது. நான் நினைத்துச் செய்யவில்லை. மத்தியஸ்தர் அந்தப் பக்கம் இருந்தார். என் முதுகு அவருக்குப் பிடியை மறைத்துவிட்டது.

கொட்டகை மொத்தமும் எழுந்து நின்றது. "அந்தப் பிடி! அந்தப் பிடி! உடாதே!"

அர்த்தநாரி என் முழங்கையில் தட்டினான்.

முதல் தட்டிலேயே விட்டுவிட்டேன். கை திறந்துகொண்டது. ஒரு கஷ்டமும் இல்லை. அவன் தட்டியதையும் மத்தியஸ்தர் பார்க்கவில்லை. அவன் இருமிக்கொண்டே என் காலை வாரினான். நான் மல்லாந்து விழுந்தேன். இரண்டு தோளும் மண்ணில். தோல்வி.

கரும்புச் சக்கையை வீசினார்கள். பொட்டை என்று கத்தினார்கள். அர்த்தநாரி காதருகே குனிந்து, "உட்டுட்டீங்களே அண்ணா, பெரிய மனசுங்க" என்றான். பஸ் ஏறும்போது காண்ட்ராக்டர், "அடுத்த மாசம் கரூர். அங்க இந்த மாதிரி பண்ணிப்போடாதே" என்றார்.

19 மே, செவ்வாய்

நேற்று முன்தினம் விட முடிந்தது. அப்படியானால் அன்றைக்கும் விட முடிந்திருக்கும்.

ஜெயிலில் இத்தனை வருஷமும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். கூட்டம் கத்தும்போது என் கை என் பேச்சைக் கேட்காது, அது என் உடம்பில் உள்ள கோளாறு என்று. கோளாறே இல்லை.

24 மே, ஞாயிறு

சாலம்மாளுக்கு நான் தோற்றதில் வருத்தமில்லை. "விட்டீங்கல்ல, எனக்கு அது போதும்" என்று ஆறு நாளாகச் சிரித்துக்கொண்டு வளைய வந்தாள். தாங்க முடியவில்லை. இன்று காலை அவள் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முறம் நின்றது. "கோவமில்லீங்களா?"

"இல்ல."

"சனம் பாக்குதுன்னா?"

"ஆமா."

"அந்த ஜட்காக்காரர் சம்சாரத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். ராகியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள்.

27 மே, புதன்

பேசவில்லை. சோறு வைக்கிறாள்.

31 மே, ஞாயிறு. ஜேடர்பாளையம் போய் வந்தேன்

குழந்தைவேலின் சம்சாரம் குஞ்சம்மாள், அவர் போன பிறகு அண்ணன் ஊரான ஜேடர்பாளையத்தில் இருக்கிறாள். அணைக்குக் கீழே வாய்க்கால் ஓரத்துக் கொடிக்காலில் வெற்றிலைக்கொடி கட்டிக்கொண்டிருந்தாள். வரப்பிலேயே நின்றேன்.

"நான் பரமத்தி தீர்த்தகிரிங்க."

"தெரியுது."

கட்டுவதை நிறுத்தவில்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சக்கரம் உரசியது, அறை, கூட்டம், மூன்று தட்டு. ஒன்றையும் விடவில்லை.

"மூணு தட்டா?" என்றாள்.

"ஆமாங்க."

"உங்க குஸ்தியப் பாக்க ரெண்டு தடவ போயிருக்காரு எங்க ஊட்டுக்காரரு. வந்து என் கையப் பிடிச்சு வெளையாட்டாக் காட்டுவாரு. தட்டுனா உட்டுருவாங்க, அதுதான் மொறையின்னு."

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"வேலூர் சந்தையில உங்க படம் ஒட்டியிருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்குன்னு வெத்தலை யாவாரிகிட்டக் கேட்டேன். நான் யாருன்னு அவருக்குத் தெரியாதில்ல? நல்லா சத்தமாப் படிச்சாரு." அடுத்த கொடியை எடுத்தாள். "இப்ப என்னத்துக்கு வந்தீங்க? மன்னிச்சேன்னு சொல்லோணுமா?"

"இல்லீங்க. நான் குஸ்திக்குப் போகக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்கன்னா போகலீங்க."

அப்போதுதான் திரும்பினாள்.

"அத என் தலையில கட்டாதீங்க. போன்னும் சொல்ல மாட்டேன், வேண்டாமின்னும் சொல்ல மாட்டேன். உங்க கோவத்துல செத்தாருன்னு இத்தன நாளா நெனச்சிருந்தேன். கோவம் யாருக்குத்தான் வாரதில்லன்னு மனசத் தேத்தி வெச்சிருந்தேன். இப்ப வந்து அதையும் புடுங்கிட்டீங்க. எந்திரிச்சுப் போங்க."

மன்னிப்பு கேட்க வரவில்லை என்று சொன்னேனே, அதுவும் பொய்தான். அதற்குத்தான் போனேன்.

3 ஜூன், புதன்

காண்ட்ராக்டரிடம் கரூருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நோட்டீஸ் அடித்தாகிவிட்டது என்று கத்தினார். வேறு வாசகம் போட்டு அடிக்கிறேன் என்றும் இறங்கி வந்தார். முடியாது என்றேன். வருகிறவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நோட்டீஸில் இல்லாவிட்டாலும் அது என் மேல் எழுதித்தான் இருக்கும்.

திரும்பும் வழியில் வேலூர்ச் சுவரை நனைத்துச் சுரண்டினேன். பாதிதான் வந்தது.

15 ஜூன், திங்கள்

வேலூர் மண்டியில் வாழைத்தார் ஏற்றுகிற வேலை கிடைத்தது. இரண்டு பேராகப் பிடித்து வண்டியில் அடுக்க வேண்டும். விடியலில் நடந்து போகிறேன். சாலம்மாள் இன்னும் பேசவில்லை.

9 ஜூலை, வியாழன்

மத்தியானம் வண்டிகள் வரத் தாமதம். ஏற்றுகிறவர்களும் வண்டிக்காரர்களுமாகப் பதினைந்து பேர் மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். என்னோடு தார் பிடிக்கிற சென்னிமலை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தான். இன்று எழுந்து நின்று, "அந்தப் பிடி எப்படிங்க பயில்வானே? என் கழுத்துல போட்டுக் காட்டுங்க, சும்மா" என்றான். எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

வழக்கமாக எழுந்து போய்விடுவேன். இன்று போகவில்லை.

"அந்தாளு பேரு குழந்தைவேலுங்க" என்றேன். "ஜட்கா ஓட்டினவரு. விடச் சொல்லி மூணு தடவ தட்டினாரு. எனக்குக் கோவமெல்லாம் இல்ல. இதே மாதிரி சுத்தி ஆளுக நின்னுது. அவங்க பாக்கோணும்னு நான் விடல."

ஒரு வண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வண்டிகள் வந்ததும் சென்னிமலை வேறு ஆளோடு போய்ச் சேர்ந்துகொண்டான். என்னோடு தார் பிடிக்க ஆள் வரவில்லை. மேஸ்திரியும் கண்டுகொள்ளவில்லை. மூன்று வண்டி, தனியாகவே தூக்கி அடுக்கினேன்.

வீடு வந்து சேர விளக்கு வைத்து வெகுநேரம் ஆகிவிட்டது. சாலம்மாள் வாசலில் நின்றிருந்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க இத்தன நேரம்?"

நடந்ததைச் சொன்னேன். தோள் தோலுரிந்திருந்ததைப் பார்த்தாள். தொடவில்லை. உள்ளே போய்ச் சோற்றைப் போட்டு வைத்தாள். நான் பாதி சாப்பிட்ட பிறகு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"நாளைக்கி நானும் வாரேன். தாருக்கு அந்தப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேணுமில்ல."