அப்பாவுக்கு வந்தது உனக்கு வராது

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், காகிதத்துக்காவது பதில் சொல். பள்ளி வேனை வாசலில் நிறுத்திவிட்டு, மணி அடிக்கும்வரை ஸ்டியரிங்மேல் வைத்து எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே.

உன் போட்டோ வந்தது. எப்படி இளைத்துவிட்டாய்! உன் மாமா தன் தொப்பையைத் தடவிப் பெருமூச்சு விட்டார். நெஞ்சுவலியில் அப்பா போன பிறகு, வாயைக் கட்டியது நீ ஒருவன்தான். அப்பாவுக்கு வந்தது உனக்கு வராது. ஆனால் முகத்தில் களையே இல்லையே, ஏன்டா?

உன் அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

பயப்படாதே. வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஒரு பிரேமுக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டியிருக்கிறது. துடிப்பு ரொம்ப மெதுவாம். ஓட்டக்காரர்களுக்கு அப்படித்தானே இருக்கும் என்று கேட்டேன். "நீங்க ஓடலையே, பட்டினிதானே கிடக்கிறீங்க" என்றார் டாக்டரம்மா. அப்புறம் தூக்கம் வருதா, அழுகை வருதா என்கிறார். இதயத்தைப் பார்க்க வந்தவருக்கு என் அழுகை எதற்கு? ஒன்றும் பிடிபடவில்லை.

உன்னிடம் பேசுவார். நான் சின்ன வயதிலிருந்தே கம்மியாகத்தான் சாப்பிடுவேன், மனசில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடு. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நீ ஒருத்திதான் எனக்கு.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

டாக்டரம்மா பேசினார். நீ சொன்னபடி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சின்ன வயசுல என் தட்டுலயும் கை வைப்பான் டாக்டர்" என்று வந்துவிட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை. அப்பா போனதிலிருந்து நீ கதவைச் சாத்திக்கொள்வது, "இருந்து என்ன ஆகப்போகுது" என்று ஒருநாள் சொன்னது, எல்லாம் கொட்டிவிட்டேன்.

"பட்டினி ஒரு பக்கம், மனச்சோர்வு ஒரு பக்கம். ஒண்ணு மத்ததை வளர்க்குது, நடுவுல இதயம் மாட்டிக்கிச்சு. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்மா. இப்ப வீட்டுக்கு அனுப்பினா ஆபத்து" என்றார். எனக்குத் தலை சுற்றுகிறது. அப்பா தின்றதால் போனார் என்றார்கள். நீ தின்னாததால் இப்படி என்கிறார்கள். எதை நம்புவது?

அக்கா

மார்ச் 18

நீயும் அவர்கள் பக்கம்தானா? சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், பச்சைக் குழந்தைக்கு மாதிரி. உன்னை நம்பினேன் பார், என்னைச் சொல்லணும். இனி எனக்கு எழுதாதே. வரவும் வராதே.

மார்ச் 20

தம்பிக்கு,

கையெழுத்துகூடப் போடாமல் அனுப்பியிருக்கிறாய். படித்துவிட்டு வேனிலேயே அழுதேன். ராத்திரி சோறு இறங்கவில்லை. உன் மாமாவிடம் காட்டினால், "திட்டுறானா? பரவாயில்லையே, இத்தனை மாசமா அவனுக்குக் கோபம்கூட வரலையே" என்கிறார். அது ஆறுதலா, கேலியா என்று அவருக்கே தெரியவில்லை.

நான் செய்தது சரியா என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. அந்த டாக்டரம்மா மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள். திருப்பிக்கொள்ள நீ இருந்தால் போதும்.

அக்கா