அந்த ஸ்பிரிங்கைக் கழட்டினது நான்

இஞ்சாருங்கோ,

கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து உங்களை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்ப ‘அன்புள்ள தயாபரன்’ எண்டு எழுதிப் பாத்தன். ஆரோ கந்தோருக்கு எழுதிற மாதிரி இருந்துது, வெட்டிப்போட்டன். நான் கூப்பிட்டா நீங்கள் திரும்பிப் பாக்கிற சொல் இதுதானே.

நீங்கள் போய் ஒரு வருசமாகப் போகுது. ஆண்டுத்திவசத்துக்குச் சின்ன நினைவு மலர் ஒண்டு அடிக்கினம். தேவாரம், உங்கடை படம், உங்கடை தங்கச்சியவை எழுதின ரெண்டு பக்கம். கடைசிப் பக்கம் மனிசிக்கு, எனக்கு எண்டு விட்டிருக்கினம். அழுது நாலு வரி எழுதிக் குடுப்பன் எண்டு பாத்துக்கொண்டிருக்கினம். நான் இதைத்தான் குடுக்கப்போறன். சொந்தக்காரரும் வாசிக்கட்டும்.

அவையிலை கனபேருக்கு உங்கடை காரைப் பற்றி வடிவாய்த் தெரியாது. ‘அந்த வயதிலை ரேஸ் ஓடப் போனவராம்’ எண்டு மட்டும் தெரியும். ரேஸ் எண்டா ஒருத்தரை ஒருத்தர் முந்திறதில்லை எண்டு நீங்கள் எத்தினை பேருக்கு விளங்கப்படுத்தியிருப்பியள்! வேல்ஸிலை நீட்டுக் கடற்கரை. கடல் வத்தின நேரம் மணல் தார் ரோட்டு மாதிரி இறுகியிருக்கும். பழைய கார்கள் ஒவ்வொண்டாய்த் தனிய ஓடும். அளந்து வைச்ச தூரத்தை என்ன வேகத்திலை கடந்தது எண்டு பாத்து எழுதுவினம். அவ்வளவுதான். பரிசுக் காசும் இல்லை.

நீங்கள் மெக்கானிக்காய் இருந்த பஸ் டிப்போவிலை வேலை செய்த கொலின்தான் உங்களை முதல் அங்கை கூட்டிக்கொண்டு போனவர். திரும்பி வந்து ரெண்டு நாள் நீங்கள் ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை. டிப்போவுக்கு அந்த வளையிற நீட்டு பஸ் வந்த வருசம் அது. அடுத்த மாதமே ஒரு பண்ணைக் கொட்டிலிலை கோழி ஏறி இருந்த, ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளிலை செய்த கார்ச் சேஸி, அடிச்சட்டம் ஒண்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தியள். வீட்டுக்குக் கிட்ட, ஃபாரஸ்ட் கேட்டிலை கவுன்சில் கராஜ் ஒண்டை வாடகைக்கு எடுத்தியள். நாலு வருசம் எங்கடை ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதுக்குள்ளைதான் போச்சுது.

உண்மையாய்ச் சொல்லுறன், எனக்கும் அது பிடிச்சிருந்துது. அலுமினியத் தகட்டை மணல் மூட்டையிலை வைச்சு மரச் சுத்தியலாலை நீங்கள் தட்டத் தட்ட, அது மெல்ல மெல்ல மீன் முதுகு மாதிரி வளைஞ்சு வரும். சீற்றுக்கு நான்தான் தோல் தைச்சனான். எஞ்சினுக்குக் காத்து போற காபரேற்றருக்குள்ளை மணல் போகாமல் கட்ட என்ரை பழைய ஸ்ரொக்கிங்ஸ் கேட்டு வாங்கினியள். ஒவ்வொரு நட்டையும் இறுக்கினாப் பிறகு அதிலை மஞ்சள் பெயின்ராலை ஒரு கோடு இழுப்பியள். ‘கோடு இருந்தா நான் தொட்டிருக்கிறன் எண்டு அர்த்தம்’ எண்டுவியள்.

ரூல்ஸ் புத்தகம் இங்கிலீசிலை. ஜெர்மனியிலை பத்து வருசம் இருந்ததாலை உங்களுக்கு டொச் ஓடும், இங்கிலீஸ் வாசிக்கப் பஞ்சி. நான்தான் வாசிச்சுத் தமிழிலை சொல்லுவன். கவிண்டா தலை நசுங்காமல் மேலை இரும்பு வளையம். நெருப்பு அணைக்கிற சிலிண்டர். ஆறு பட்டி இருக்கிற பெல்ற். அக்சிலேற்றரிலை இருந்து காலை எடுத்தவுடனை அதை இழுத்து மூட ஸ்பிரிங் ரெண்டு, ஒண்டு அறுந்தாலும் மற்றது பிடிக்க. நீங்கள் ஒவ்வொண்டாய்க் காட்ட நான் லிஸ்ற்றிலை சரி போடுவன்.

நீங்கள் ஓட இருந்த வருசத்துக்கு முந்தின வருசம் நாங்கள் சும்மா பாக்கப் போனது நினைவிருக்கோ? எங்களுக்கு முன்னாலை ஒரு சிவப்புக் கார் வழுக்கி, ரெண்டு தரம் உருண்டுது. ஓடினவர் தானாய் இறங்கிச் சிரிச்சுக்கொண்டு கை காட்டினார். சனம் கை தட்டிச்சுது, நீங்களும் தட்டினியள். நான் அந்த இரும்பு வளையத்துக்குள்ளை உங்கடை தலையைத்தான் கண்டன். அதுக்குப் பிறகு எத்தினையோ தரம் ‘வேண்டாம்’ எண்டு சொன்னன். ‘நான் கட்டின கார் என்னைக் கொல்லாது யோகா’ எண்டு சொல்லிச் சிரிச்சியள்.

கடற்கரைக்கு ஓடப் போற அண்டு விடிய, கொலின்ரை ட்ரெயிலரிலை கார் ஏத்தியாச்சு. நீங்கள் வானை ஸ்ராட் பண்ணிற திறப்பை எடுக்க வீட்டுக்குள்ளை போனியள், கொலின் முன்னாலை ரயருக்குக் காத்துப் பாத்துக்கொண்டு நிண்டவர். காரை மூடிற படங்கைக் கட்டச் சொல்லி என்னை விட்டனீங்கள். நான் பொனற்றைத் தூக்கினன். நீங்கள் காட்டித் தந்த இடம்தானே. கையாலை கொளுவி எடுக்கிற சாமான், சுண்டுவிரல் அளவு கூட இல்லை. ரெண்டு ஸ்பிரிங்கிலை ஒண்டைக் கழட்டி ரிஷ்யூவிலை சுத்தி ஹான்ட்பாக்குக்குள்ளை வைச்சன்.

காரைச் சோதிக்கிற மனிசன் கட்டாயம் காணுவார், ஓட விடமாட்டினம், நீங்கள் ஒரு மாதம் கோவிச்சுக்கொண்டு இருப்பியள், பிறகு எல்லாம் சரியாகும். நான் போட்ட கணக்கு அவ்வளவுதான். ஒருவேளை அவர் காணாமல் விட்டிருந்தா? அதை நான் அப்ப யோசிக்கேல்லை. இப்பதான் யோசிக்கிறன்.

கடற்கரையிலை அவர் கண்டார். வெள்ளை மீசை வைச்ச மனிசன், நல்ல மரியாதையாய்த்தான் சொன்னார்: ஒரு ஸ்பிரிங்தான் இருக்குது எண்டு. நீங்கள் சிரிச்சுக்கொண்டு, ‘இல்லை, ரெண்டு’ எண்டு சொல்லிக் குனிஞ்சு பாத்தியள். அந்த முகம் இப்பவும் எனக்கு முன்னாலை நிக்குது.

கொலின் ஓடிப்போய் ஆரிட்டையோ ஒரு ஸ்பிரிங் கடன் வாங்கிக்கொண்டு வந்திட்டார். ‘கொளுவுங்கோ, நான் பாஸ் பண்ணிவிடுறன்’ எண்டு அந்த மனிசனும் சொல்லிப்போட்டார். நான் நினைச்சது எல்லாம் அஞ்சு நிமிசத்திலை குழம்பிப்போச்சு. நீங்கள் ஸ்பிரிங்கைக் கையிலை வைச்சுக்கொண்டு என்னட்டைத் திரும்பினியள்.

“யோகா, நேற்று நான் ரெண்டையும் காட்டினனானோ? நீர் சரி போட்டனீரோ?”

அங்கைதான் நான் செய்த பெரிய பிழை. கழட்டினது கூட அவ்வளவு பெரிசில்லை.

“சரி போட்டனான்… ஆனா நீங்கள் ரெண்டைக் காட்டினதாய் எனக்கு ஞாபகமில்லை” எண்டன்.

நீங்கள் திரும்பவும் பொனற்றுக்குள்ளை குனிஞ்சு பாத்தியள். பிறகு அந்த ஸ்பிரிங்கைக் கொலின்ரை கையிலை குடுத்தியள். “இதை மறந்தவன் வேறை என்னத்தை மறந்தானோ தெரியாது. நான் ஓடேல்லை.” கொலின் எவ்வளவோ சொன்னார். நீங்கள் ஹெல்மெற்றைத் திரும்பப் பெட்டிக்குள்ளை வைச்சு மூடினியள். என்ரை ஹான்ட்பாக் என்ரை தோளிலைதான் கிடந்தது.

திரும்பி வரேக்கை வானுக்குள்ளை, “நல்ல காலம் அந்தாள் கண்டது, முருகன்தான் காப்பாத்தினது” எண்டு சொன்னியள். நான் ‘ஓம்’ எண்டன்.

சொல்ல வெக்கமாய்க் கிடக்குது, முதல் ரெண்டு கிழமையும் எனக்குச் சந்தோசம். மனிசன் உயிரோடை வீட்டிலை இருக்கிறார், வேறை என்ன வேணும் எண்டு. பிறகுதான் நீங்கள் மறக்காமல் இருக்கத் துண்டுக் கடதாசியிலை எழுதத் தொடங்கினியள். காஸ் நிப்பாட்டியாச்சு. கதவு பூட்டியாச்சு. பஸ் ஸ்ரொப் வரைக்கும் போய்த் திரும்பி வந்து கதவைத் தள்ளிப் பாப்பியள். டிப்போவிலை நீங்கள் பிரேக் வேலை செய்து முடிய, பின்னாலை நிண்டு ஒருக்காப் பார் எண்டு கொலினைக் கேட்டனீங்களாம். கடைசியிலை நீங்களாய்ப் போய் வேர்க்‌ஷொப் வேலை வேண்டாம், பஸ் கழுவிற வேலை தாங்கோ எண்டு கேட்டு வாங்கினியள். ‘ஆக்களை ஏத்திற வண்டி, பிழைவிடக் கூடாது’ எண்டு எனக்குச் சொன்னியள். நான் தேத்தண்ணி ஆத்திக்கொண்டு நிண்டன்.

ஞாபகசக்தி சோதிக்கிற பொம்பிளை டொக்டரிட்டைப் போனது தெரியும்தானே. மொழிபெயர்க்க நான்தான் பக்கத்திலை. ‘முதன்முதலிலை எப்ப கவனிச்சனீங்கள்?’ எண்டு டொக்டர் கேட்டா. நீங்கள் அந்த ஸ்பிரிங் கதையைத் தமிழிலை முழுக்கச் சொன்னியள். நான் அதை ஒரு சொல்லும் விடாமல் இங்கிலீசிலை சொன்னன். எப்பிடி அந்த வாய் வந்துது எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. சோதனை எல்லாம் செய்துபோட்டு, ஒண்டும் இல்லை, உங்கடை ஞாபகம் என்னுடையதைவிட நல்லாயிருக்கு எண்டு டொக்டர் சிரிச்சா. வெளியிலை வந்து நீங்கள் சொன்னியள்: “அவவுக்கென்ன தெரியும். ஸ்பிரிங்கை மறந்தது நானெல்லோ.”

அண்டைக்காவது சொல்லியிருக்கலாம். ரோட்டைக் கடந்து பஸ்ஸுக்கு நிண்ட அந்தப் பத்து நிமிசத்துக்குள்ளை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லேல்லை? உங்கடை கோவத்துக்குப் பயந்தோ? இல்லை. நீங்கள் கோவிக்கமாட்டியள், ஏன் யோகா எண்டு மட்டும்தான் கேப்பியள் எண்டு தெரியும். அந்தக் கேள்விக்குத்தான் பயந்தனான்.

பிறகு உங்கடை உயிர் காரிலையும் போகேல்லை, கடற்கரையிலையும் போகேல்லை. ரொம்ஃபோர்ட் ரோட்டிலை வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிக்கேக்கை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தியளாம். நான் எதைக் காப்பாத்தினனான் எண்டு அண்டு முழுக்க யோசிச்சன்.

செத்தவீட்டுக்கு டிப்போக்காரர் பதினைஞ்சு பேர் கறுப்பு ரை கட்டிக்கொண்டு வந்தவை. “நல்ல மெக்கானிக், பாவம், கடைசிக் காலத்திலை ஞாபகம் போட்டுது” எண்டு போர்மன் என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னார். நான் தலையாட்டினன். உங்களைப் படுக்க வைச்ச இடத்திலை நிண்டு தலையாட்டினன்.

இனி வீட்டுப் புதினம். மூண்டு மாதத்துக்கு முதல் ஆரணி வந்து, “அம்மா, அப்பான்ரை காரை நான் ஓடப்போறன்” எண்டாள். கொலின் அங்கிள் பழைய விமான ஓடுபாதை ஒண்டிலை ஓடப் பழக்கிறாராம். உங்கடை மகள், மருந்துக்கடையிலை வெள்ளைக் கோட்டோடை நிக்கிறவள். பொய் ஒண்டு தானாய் வாய்க்கு வந்துது, காரை விக்கப் பேசிப்போட்டன் எண்டு சொல்ல. விழுங்கிப்போட்டு, தையல் பெட்டியிலை இருந்த ஸ்பிரிங்கை எடுத்து மேசையிலை வைச்சன். எல்லாத்தையும் சொன்னன்.

அவள் கத்தேல்லை. ஸ்பிரிங்கைக் கையிலை எடுத்தாள். பிறகு கேட்டாள்:

“அப்பா என்னட்டை ஒருநாள் என்ன கேட்டவர் தெரியுமோ? ‘பிள்ளை, நான் உன்ரை பேரை மறந்து போனா என்ன செய்வாய்’ எண்டு. அந்தப் பயத்தோடை இருந்தவரம்மா. நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள்.”

அஞ்சு கிழமை வீட்டுப் பக்கம் வரேல்லை. போன் எடுத்தா, “ஷிப்ட்டிலை நிக்கிறன்” எண்டு வைச்சுப்போடுவாள்.

கொலினுக்கும் போய்ச் சொன்னன். மனிசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு இருந்தார். “ரெண்டு வருசம் அவன்ரை வேலையைப் பின்னாலை நிண்டு பாத்தனான். ஒரு பிழை கண்டதில்லை. அதைச் சொன்னா, என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லுறாய் எண்டுவான்” எண்டார். வாசல் வரைக்கும் வந்து விடுற மனிசன், அண்டைக்கு எழும்பேல்லை.

போன மாதம் கடற்கரைக்குப் போனனாங்கள். ஆரணிதான் வாங்கோ எண்டு ஒரு மெசேஜ் போட்டவள், காரணம் சொல்லேல்லை. அதே வெள்ளை மீசைக்காரர் சோதிச்சார், உங்கடை கார் ஒரு கேள்வியும் இல்லாமல் பாஸ். அவளுக்குப் பெல்ற்றை என்ரை கையாலை நான்தான் இறுக்கினன். அவள் தட்டி விடேல்லை. கொடி விழுந்தது. கண்ணை மூடுவன் எண்டுதான் நினைச்சன், மூடேல்லை. உங்கடை கார் முதல்லை சின்னதாய் இருமி, பிறகு ஒரே சத்தமாய் எடுத்துப் போச்சுது. நேர் கோடு. ஆடேல்லை, வழுக்கேல்லை. நீங்கள் தொண்ணூறு மைல் வேகம் வரும் எண்டு சொன்னனீங்கள், எண்பத்திமூண்டுதான் வந்துது. கொலின் அழுதார். ஆரணி ஹெல்மெற்றைக் கழட்டிப்போட்டு, “நேரை போகுதம்மா, அப்பா அவ்வளவு வடிவாய்க் கட்டியிருக்கிறார்” எண்டாள். என்னோடை அவள் கதைச்சது அவ்வளவுதான். இன்னும் பழையபடி இல்லை. இருக்கவேணும் எண்டு கேக்க எனக்கு வாயுமில்லை.

ஸ்ரற்போர்ட் பக்கம் ஒலிம்பிக்குக்கு எண்டு எல்லா இடமும் கிண்டிப்போட்டிருக்கினம். உங்கடை டிப்போ பஸ்ஸெல்லாம் சுத்திச் சுத்தித்தான் போகுது. நீங்கள் இருந்தா ஒவ்வொரு நாளும் திட்டுவியள்.

இந்த மலர் தமிழிலை வருது. டிப்போக்காரர் வாசிக்கப் போறதில்லை. அவைக்கு நீங்கள் இப்பவும் ஞாபகம் கெட்டுப் பஸ் கழுவின மனிசன். வாற வியாழக்கிழமை பத்து மணிக்கு அவை தேத்தண்ணிக்கு இருக்கேக்கை வேர்க்‌ஷொப்புக்குப் போறன். போர்மனிட்டைக் கேட்டு வைச்சிருக்கிறன், என்ன விசயம் எண்டு சொல்லேல்லை. எல்லாருக்கும் முன்னாலை நிண்டு சொல்லுவன்: தயா ஒண்டையும் மறக்கேல்லை, கழட்டினது நான், பொய் சொன்னதும் நான். அவை என்னை எப்பிடிப் பாத்தாலும் பரவாயில்லை. உங்கடை வேலையிலை பிழை இருக்கேல்லை எண்டு அவை ஒவ்வொருத்தரும் கேக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையமாட்டன். இது சத்தியம்.

மன்னிப்புக் கேட்டு எழுதேல்லை. கேட்டா நீங்கள் தந்திடுவியள்.

உங்கடை மனிசி,
யோகா
மனோர் பார்க்